நீ போன்ல சொன்ன அந்த வார்த்தை

பாப்பா,

நல்லா இருக்கியா. அம்மாவுக்கு தையல் பிரிச்சாச்சு, வலி இல்லங்கறா, மாடி ஏறாதன்னா கேக்கறதில்ல, அது உனக்கு தெரிஞ்சது தானே. அண்ணன் வந்து ரெண்டு நாள் இருந்துட்டு போனான். நீ நேரத்துக்கு தூங்கு. எந்த பேப்பர்லயும் படிக்காம கையெழுத்து போடாத, இத நூறு தடவ சொல்லிட்டேன், இன்னொரு தடவையும் சொல்றேன்.

நான் போன் பண்ணா நீ எடுக்கறதில்ல, எடுத்தாலும் "சரிப்பா, மீட்டிங்ப்பா"ன்னு வச்சிடற, மெசேஜ் போட்டா ஓகேன்னு ஒரு வார்த்தை. அதான் எழுதறேன். அந்த மேட்டர் பத்தி நான் எதுவும் கேக்க போறதில்ல. பணம் போனது போகட்டும், அந்தப் பொண்ணு உன்னை ஏமாத்திட்டா, அது அவளோட தப்பு. ஆனா அன்னைக்கு போன வைக்கறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொன்ன. "நீங்க அப்பவே சொன்னது சரிதான்ப்பா, இனி யாருக்கும் எதுவும் செய்ய மாட்டேன்"னு. அதுலேர்ந்து எனக்கு தூக்கமே வரல.

அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப, ரெண்டாவது நாள் ராத்திரி வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். போன்ல 2 பர்சென்ட் தான் சார்ஜ். பக்கத்துல ஒரு பெரியவர், நான் கேக்கவே இல்ல, தன் போன்லேர்ந்து சார்ஜர உருவி என் கைல கொடுத்தாரு, நுனில கருப்பு டேப் சுத்தின வெள்ளை ஒயர். அப்புறம் தான் எதிர்ல ஒரு பையன கவனிச்சேன், அவன் போனும் அணைஞ்சு கெடக்கு, கேக்க கூச்சப்பட்டுட்டு சுவத்தையே பாத்துட்டு இருந்தான். வழக்கமா நான் கண்டுக்க மாட்டேன், உனக்கே தெரியும். அன்னைக்கு என்னமோ எந்திரிச்சு போய் கொடுத்துட்டேன். காலைல கண்ண முழிச்சு பாத்தா அந்த ஒயர் யாரோ ஒரு அம்மாகிட்ட இருக்கு, பெரியவர் டிஸ்சார்ஜ் ஆயி எப்பவோ போயிட்டாரு, யாரும் யாருக்கும் சொல்லி வைக்கல, அது பாட்டுக்கு கை மாறி போயிருக்கு. அத உன்கிட்ட சொல்லணும்னு தான் அன்னைக்கு மூணு தடவ கூப்பிட்டேன்.

அதுக்கப்புறம் இதப் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், உனக்கு பதில் சொல்லணுமே. அமெரிக்கால 2007ல ஒருத்தர், முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பளைக்கு தன் கிட்னிய கொடுத்திருக்காரு. அந்தம்மாவோட வீட்டுக்காரர் தன் கிட்னிய பொண்டாட்டிக்கு கொடுக்க தயாரா தான் இருந்தாரு, பொருந்தல. அவளுக்கு கிடைச்சா பதிலுக்கு வேற யாருக்காவது கொடுக்கறேன்னு வார்த்தை கொடுத்திருந்தாரு. இப்ப பொண்டாட்டிக்கு கிடைச்சாச்சு, அவர் பாட்டுக்கு வீட்டுக்கு போயிருக்கலாம், யாரும் புடிச்சு வைக்க முடியாது. அவர் போகல. இன்னொரு ஊருக்கு போய், வேற யாருக்கோ கொடுத்தாரு. அவங்க வீட்டு ஆளு அடுத்தவங்களுக்கு. இப்படியே போய் 10 ஆபரேஷன் நடந்திருக்கு, 2009ல டாக்டருங்க பத்திரிகைல எழுதியிருக்காங்க. எனக்கு அந்த முதல் ஆள விட ரெண்டாவது ஆள் தான் பெருசா தெரியறாரு. தனக்கு வேண்டியது கிடைச்சதுக்கு அப்புறமும் வார்த்தைய காப்பாத்தின மனுஷன்.

2010ல ரெண்டு பேர் ஆராய்ச்சி ஒண்ணு வெளியிட்டிருக்காங்க, ஃபவுலர், கிறிஸ்டாகிஸ்னு. நாலு நாலு பேரா உக்கார வச்சு பொதுப் பணத்துக்கு கொடுக்கற மாதிரி ஒரு விளையாட்டு, ஒவ்வொரு ரவுண்டுலயும் புது ஆளுங்க, பழைய ஆள திரும்ப பாக்கவே முடியாது. அப்படியும் ஒருத்தர் தாராளமா கொடுத்தா அது அவருக்கு தெரியாத மூணாவது ஆள் வரைக்கும் போயிருக்கு. நீ செஞ்சது அவகிட்ட நின்னு போயிருக்கலாம் பாப்பா. ஆனா அந்த ஹாஸ்டல் பசங்க, நீ ராத்திரி உக்காந்து கணக்கு சொல்லிக் கொடுத்தியே, அவங்க இன்னைக்கு யாருக்கு சொல்லித் தராங்களோ, உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அப்பல்லாம் வெளிய சொல்லல, ஆனா உன்னை நினைச்சு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா.

இதோட நிறுத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். 2014ல இன்னொரு ஆராய்ச்சி வந்திருக்கு. யாருன்னே தெரியாத ஒருத்தர் 6 டாலர பங்கு போட்டு உனக்கு ஒரு பங்கு கொடுக்கறாரு, அப்புறம் நீ வேற 6 டாலர அடுத்த ஆளோட பங்கு போடணும். மொத்தத்தையும் வாங்கினவங்க அதே மாதிரி அள்ளிக் கொடுக்கல. ஆனா ஒண்ணுமே கிடைக்காதவங்க, அந்த கஞ்சத்தனத்த அப்படியே அடுத்தவங்க மேல எறக்கி இருக்காங்க. நல்லத விட கெட்டது தான் நல்லா கை மாறுதாம். அத படிச்சதும் எனக்கு கை காலு ஓடல.

ஏன்னா நீ "அப்பவே சொன்னீங்க"ன்னியே, அது எதுன்னு எனக்கு தெரியும். ஆறாங்கிளாஸ். பரிட்சைக்கு முந்தின நாள் உன் ஜாமெட்ரி பாக்ஸ ஒரு பொண்ணுகிட்ட கொடுத்துட்டு வந்த. நான் என்ன கத்து கத்தினேன். "ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தா நாளைக்கு உனக்கு எவன் கொடுப்பான்"னு. உன்ன சைக்கிள்ல உக்கார வச்சு அந்த வீட்டு வாசலுக்கே கூட்டிட்டு போய் நீயே திருப்பி கேக்கணும்னு நிக்க வச்சேன். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல, உள்ள போய் எடுத்துட்டு வந்தா. வீட்டுக்கு வந்து நீ தொறந்து பாத்தப்ப பென்சில் எல்லாம் சீவி வச்சிருந்தா, ஸ்கேல கூட தொடச்சு வச்சிருந்தா. நீ அத என்கிட்ட காட்டின. நான் பேப்பர் படிக்கற மாதிரி முகத்த மறைச்சுகிட்டேன்.

அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அன்னைக்கே தெரியும் எனக்கு. சொல்றதுக்கு இவ்வளவு வருஷம் ஆயிடுச்சு, அதுவும் நீ என்னை சரின்னு சொன்னதுக்கு அப்புறம். வேற எத வேணா என்கிட்டேர்ந்து எடுத்துக்கோ, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துக்காத. கையெழுத்து படிச்சுட்டு போடுன்னு தான் சொல்றேன், கொடுக்காதன்னு சொல்லல.

அந்த பாக்ஸ் இன்னும் உன் அலமாரில தான் இருக்கு, மேல் தட்டுல. அந்தப் பொண்ணு பேரு எவ்வளவு யோசிச்சும் எனக்கு வரல. உனக்கு ஞாபகம் இருந்தா ஒரு போன் பண்ணி சொல்லு. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவால்ல, முழிச்சு தான் இருப்பேன்.

அப்பா