வரமே பாரமானவர்கள்: நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கிளை நூலகத்து மாடியில் கூடும் நம் வட்டத்தின் ஓராண்டு நடப்பைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். பத்துதான் நடந்தன. நவம்பரில் மழை விடவில்லை. பிப்ரவரியில் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்பாவோடு வந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “உலகத்துல எந்த மூலையில யார் அழுதாலும் காதுல விழும்னா, அந்த ஆளு எப்ப தூங்குவாரு?” என்று கேட்டாள். படக்கதை வீரன் ஒருவனை மனதில் வைத்து அவள் கேட்டது. யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியையே ஆண்டின் பொருளாக எடுத்துக்கொண்டோம். ‘வரமே பாரமானவர்கள்’ என்று பெயர் வைத்தவர் தலைவர்.

ஏப்ரல் கூட்டம் சித்திரையில் விழுந்ததால் கூத்தாண்டவரில் தொடங்கினோம். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் 18 நாள் திருவிழா நடக்கும் மாதம் அது. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த நம் தமிழாசிரியர் ஐயா பேசினார். அர்ச்சுனன் மகன் அரவான்தான் கூத்தாண்டவர். அவனுக்கு 32 இலட்சணமும் பொருந்திய உடம்பு. பிறந்த வீட்டில் அதைப் பார்த்து எவ்வளவு பூரித்திருப்பார்கள்! ஆனால் பாரதப் போரில் வெற்றிக்காகக் கொடுக்கும் களப்பலிக்குத் தேவைப்பட்டதும் அதே உடம்புதான். அந்த இலட்சணம் கண்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும் உண்டு. அவர்கள் இருவரும் போருக்கு வேண்டும். மிஞ்சியவன் பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று அரவானைவிட அதிகம் பேசப்பட்டவன் சகாதேவன். எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவன். களப்பலிக்கு நாள் குறித்துக் கேட்கத் துரியோதனனே அவனிடம் வருகிறான். எதிரி என்று பார்க்காமல், அமாவாசையில் கொடுத்தால் வெற்றி உனக்குத்தான் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறான். பிறகு அமாவாசையையே ஒரு நாள் முன்னால் வரவழைக்கும் வேலை கண்ணனுக்கு வந்து சேர்கிறது. அதற்கு முன்பே, தூது போகும் நேரத்தில், போரை நிறுத்த என்ன வழி என்று கண்ணன் கேட்டபோது, கர்ணனுக்கு முடிசூட்டி, அர்ச்சுனனைக் கொன்று, பாஞ்சாலியின் கூந்தலைக் களைந்து, உன்னையும் கட்டிப்போட்டால் போர் நிற்கும் என்று சொன்னவன் சகாதேவன். வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவன் கண்ணனைக் கட்டியும் காட்டுகிறான். பிறகு அவிழ்த்துவிடுகிறான். அவனுக்குத் தெரிந்தது எதையும் அவனால் மறைக்க முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. ஜோசியம் பார்க்கத் தெரிந்த ஒரு உறுப்பினர், சொந்தப் பிள்ளைகளின் ஜாதகத்தை மட்டும் தான் எடுத்ததே இல்லை என்று அன்று எங்களிடம் சொன்னார்.

மே மாதக் கூட்டம் பிள்ளைகளுக்கானது. அவரவர் விரும்பும் சக்தியையும் அதனால் வரக்கூடிய கஷ்டத்தையும் எழுதச் சொன்னோம். நன்றாக எழுதினார்கள். தாள்கள் நூலகத்து அலமாரியில் இருக்கின்றன, பார்க்கலாம்.

ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. ஜூன் கூட்டத்தில் அம்மையார் கதையை எடுத்துக்கொண்டோம். தெரிந்த கதைதானே என்று நினைத்துத்தான் நானும் போனேன். கணவன் அனுப்பிய மாம்பழம் இரண்டில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டு, சாப்பாட்டில் அவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனை வேண்டிப் பழம் பெறுகிறாள் புனிதவதி. ருசி வேறாக இருக்கவே அவன் விசாரிக்கிறான். உண்மையைச் சொல்கிறாள். இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான், வருகிறது. அவன் கையில் கொடுத்ததும் மறைகிறது. இந்த இடத்தில் பேசிய தங்கை எங்களை நிறுத்தினார். சேக்கிழார் சொல்லும் கணவன் பரமதத்தனிடம் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில் ஒட்டாமல் வாழ்ந்து, கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோனபோது, மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான். கட்டிய கணவன் காலில் விழுந்த பிறகு அவளுக்கு ஊரில் என்ன இடம்? இவனுக்காகத் தாங்கிய இந்த அழகு உடம்பு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று அவள் கேட்டதை இத்தனை நாள் பக்தியின் உச்சமாக மட்டுமே படித்திருந்தேன். ஒரு பெண்ணின் வீடு போன கதையாகவும் அதைப் படிக்கலாம் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அறுபத்துமூவர் வரிசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ஆகஸ்டில் புராணத்திலிருந்து நிஜ மனிதர்களுக்கு வந்தோம். செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர், வலியே தெரியாதவர்களைப் பற்றிப் பேசினார். வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், தணலில் நடப்பான், வலிக்காது. அவனுக்குப் பதினான்கு வயது நிறைவதற்குள் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே தன்மை கொண்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் அறிவியலாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் கோளாறு. வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளில் சோடியம் நுழையும் ஒரு வாயில் அதனால் வேலை செய்யவில்லை. தொடுவது தெரியும், சூடு குளிர் தெரியும், வலி மட்டும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் எல்லோருமே உதட்டையோ நாக்கையோ கடித்துப் புண்ணாக்கியிருந்தார்கள். அந்த வாயிலை மருந்தால் அடைத்தால் மற்றவர்களின் வலியைக் குறைக்கலாமே என்று பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. நடக்கட்டும், வலியில் துடிப்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார் அந்தச் செவிலியர் அக்கா.

அப்புறம் நம் ஊர்ப்பக்கக் கதைக்கு வந்தார். பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946 முதல் வேலூர் சிஎம்சியில் வேலை பார்த்தவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், நோய் நரம்பை மரக்கச் செய்கிறது, மரத்த விரலைத்தான் சூடும் காயமும் சிதைக்கின்றன என்று எடுத்துக்காட்டியவர். பின்னாளில் அமெரிக்காவில், ஆபத்தான அழுத்தம் பட்டால் எச்சரிக்கும் கையுறை போன்ற கருவிகளைச் செய்து, செயற்கையாக வலியை உண்டாக்க முயன்றார். எச்சரிக்கை தொல்லையாகத் தோன்றியபோது, அணிந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முயற்சி கைகூடவில்லை. நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பதால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது. இதைக் கேட்டதும் சர்க்கரை நோய் உள்ள உறுப்பினர்கள் பலர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். எல்லோரும் கடைப்பிடியுங்கள்.

செப்டம்பர் கூட்டம்தான் இந்த ஆண்டையே மாற்றியது. பொருள், மறதி இல்லாதவர்கள். சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி மாஸ்கோவில் பத்திரிகை நிருபர். காலைக் கூட்டத்தில் எல்லோரும் குறிப்பெடுக்க, இவர் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஆசிரியர், கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறார் என்று தெரிந்ததும் உளவியலாளர் லூரியாவிடம் அனுப்பினார். லூரியா 1920களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த சொற்பட்டியலைத் திடீரென்று கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒரு கதையைப் படித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் எழுந்து கதையை மறைத்துவிடும். முகங்கள் நொடிக்கு நொடி மாறுவதால் ஆளை அடையாளம் காண்பது சிரமம். பின்னாளில் மேடை ஏறி நினைவாற்றல் காட்டிப் பிழைத்தார். ஒரே மாலையில் பல நிகழ்ச்சிகள் என்றால் முந்தைய பலகையின் எண்கள் வந்து குழப்பும். அவற்றை மறக்க, தாளில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜில் பிரைஸ் 2000இல் ஜேம்ஸ் மெக்காஃப் என்ற ஆய்வாளருக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். 1980க்குப் பின் எந்தத் தேதியைச் சொன்னாலும் என்ன கிழமை, அன்று தான் என்ன செய்தோம் என்று சொல்லக்கூடியவர். 2006இல் அவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தபோதுதான் இந்தத் தன்மைக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே கிடைத்தது. பள்ளியில் மனப்பாடத்தில் அவர் கெட்டிக்காரர் இல்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அவர் நினைவில் நின்றது அவருடைய வாழ்க்கைதான். பழைய அவமானமும் பழைய சண்டையும் அன்றைய சூட்டோடு, கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் வரம் என்கிறார்கள், எனக்கு இது சுமை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பேச்சு முடிந்து டீ வந்த நேரத்தில், பின் வரிசையிலிருந்து நம் நூல் பொறுப்பாளர் அக்கா எழுந்தார். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில், யார் வாங்கிப் போனார்கள், எந்த ஆண்டு யார் எதைப் பற்றிப் பேசினார்கள், எல்லாம் அவர் வாயில் இருக்கும். “எனக்கும் அந்த அம்மா மாதிரிதான் கொஞ்சம். ராத்திரி பத்து மணிக்கும் போன் வருது. புத்தகத்துக்குன்னு ஆரம்பிச்சு, உங்க சொந்தக்காரங்க நம்பர் வரைக்கும் என்கிட்டதான் கேக்கறீங்க. நான் என்ன படிச்சேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை” என்றார். அமைதியாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். பத்து ஆண்டுகளாக வட்டத்தில் இருப்பவருக்கு நாம் ஒரு முறைகூடப் பேச வாய்ப்புக் கொடுக்கவில்லை. அவரை அதிகம் கூப்பிட்டவன் நான்தான். ஒவ்வோர் ஆண்டறிக்கையும் அவரிடம் கேட்டு எழுதியதே. இந்தத் தவறுக்குப் பொதுக்குழு முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்டோபரில் சிறப்புக் கூட்டமாக இதை மட்டும் பேசினோம். நூல் இருப்பு, கடன், நிகழ்ச்சிக் குறிப்பு மூன்றுக்கும் தனித்தனி நோட்டு போடுவது, மூன்று இளைஞர்கள் மாதம் ஒருவராக அவற்றைப் பார்த்துக்கொள்வது, இரவு எட்டுக்கு மேல் யாரும் அக்காவை அழைப்பதில்லை என முடிவானது. நடைமுறையில் முதல் இரண்டு மாதம் தடுமாறினோம். சில புத்தகங்கள் கிடைக்கவில்லை. பரவாயில்லை, தேடிக்கொள்வோம்.

டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் பற்றிச் சுருக்கமாகப் பேசினோம். கணவரின் உடல் வாசனை மாறியதை, அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்தவர் அவர். குளிக்கவில்லையா என்று சண்டை போட்டிருக்கிறார். நோயாளிகளின் கூட்டம் ஒன்றுக்குப் போனபோது எல்லோரிடமும் அதே வாசனை. எடின்பரோவில் பன்னிரண்டு டிசர்ட்டுகளை முகரவைத்துச் சோதித்தார்கள். நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் நோயாளி என்றார். அவருக்கும் எட்டு மாதம் கழித்து நோய் உறுதியானது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அந்த வாசனை வந்தால் சொல்வதா, விடுவதா? ஒரு மணி நேரம் விவாதித்தும் நமக்குள் ஒத்த கருத்து வரவில்லை.

தை பிறந்ததும் உத்தராயணம். ஜனவரிக் கூட்டத்தில் நூல் பொறுப்பாளர் அக்கா பேசினார். பொருளை அவரே தேர்ந்தெடுத்தார். பீஷ்மர். அப்பாவின் கல்யாணத்துக்காகத் தன் கல்யாணத்தை விட்டுக்கொடுத்த மகனுக்கு, நினைத்தபோது இறக்கலாம் என்று அப்பா வரம் தருகிறார். “அந்த வரம் யாருக்கு உபயோகமாச்சு?” என்று அக்கா கேட்டார். அரண்மனைக்கு. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பொறுப்பைக் கொடுத்து அவரை நிறுத்தி வைத்தது. சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கவும் அவர் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. பத்தாம் நாள் விழுகிறார். 58 இரவுகள் அம்புப் படுக்கை. அங்கேயும் விடுகிறார்களா? தருமன் வந்து உட்கார்ந்து அரச நீதி கேட்கிறான், தானம் பற்றிக் கேட்கிறான், கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். “உடம்பெல்லாம் அம்பு. ஒருத்தராவது, தாத்தா உங்களுக்கு வலிக்குதான்னு கேட்டாங்களான்னு தேடித் தேடிப் படிச்சேன். கண்ணன் கேக்கறான். வலியையும் போக்கறான். எதுக்கு? தருமனுக்குப் பதில் சொல்றதுக்கு” என்றார். இந்த ஆண்டின் மிகச் சிறந்த பேச்சு அது. ஒரு மணி நேரம், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மார்ச்சில் புதிய உறுப்பினர் அறிமுகம் நடந்தது. மாடியை இலவசமாகத் தந்த நூலகருக்கும், மழையிலும் நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கும், டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. வரும் ஆண்டின் பொருளைக் கேள்வி கேட்ட அந்தச் சிறுமியையே சொல்லச் சொல்லியிருக்கிறோம். கூட்ட முடிவில் சொல்வாள்.

இந்த அறிக்கையை முதல் முறையாக நோட்டுகளைப் பார்த்து எழுதினேன். அதனால் ஜூலை கூட்டம் இதில் இல்லை, அன்று யாரும் குறிப்பெடுக்கவில்லை. வந்திருந்தவர்கள் நினைவிருப்பதைப் பச்சை அட்டை நோட்டில் இரண்டு வரி எழுதித் தாருங்கள். அக்காவிடம் கேட்க வேண்டாம்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்