பழைய பலகையை எறியவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம்.

நாலு மாதத்துக்கு முன்னால் போனில் நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? "என் ரூமை எடுத்துக்கோங்கப்பா. அந்தப் பழைய பலகையைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து நல்லதா ஒண்ணு கட்டுங்க" என்றாய். அன்றைக்குச் சரி என்று மட்டும் சொல்லி வைத்தேன். அறையை எடுத்துக்கொண்டேன். பலகையை எறிய மனம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் மாதிரி ரயில் ஓடும் அந்தப் பலகை போதவில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட், அதன் மேல் 18 அங்குல ஆரத்தில் ஒரு நீள்வட்டம். பதினெட்டடி ஓடினால் ரயில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். உன் ஒன்பது வயதில் அதுவே நமக்கு ஒரு நாடு மாதிரி இருந்தது. சிக்கல் வந்தது நீ முதல் சம்பளத்தில் அனுப்பிய நாலு பயணிகள் பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான். நிஜத்தில் 85 அடி நீளப் பெட்டி, 1:87 என்கிற எச்ஓ அளவில் கிட்டத்தட்ட 12 அங்குலம் வரும். அது 18 அங்குல வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் துருத்துகிறது, இரண்டு முனைகளும் வெளியே போகின்றன, பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் பக்கவாட்டில் இழுத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. மூன்றாவது பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சாய்ந்தது. வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் கவலையே இல்லை, இரண்டரை மடங்கு இருந்தால் ஓடிவிடும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டரை மடங்குக்கே 30 அங்குலம் வேண்டும். நாலடிப் பலகையில் அது எங்கே அடங்கும்?

அதனால் பாதை உன் அறையின் நாலு சுவரையும் ஒட்டி ஓடுகிறது. அறை 11க்கு 13 அடி. ஒன்றரை அடி அகலத்தில் மரச்சட்டம், மூலைகளில் மட்டும் வளைவுக்காகக் கொஞ்சம் அகலம். தரையிலிருந்து 50 அங்குல உயரம், நின்றுகொண்டு பார்த்தால் ரயில் நெஞ்சுக்கு நேரே போகும். உன் கட்டில் பழைய இடத்திலேயே இருக்கிறது, பாதி சட்டத்துக்கு அடியில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சுற்று ஏறக்குறைய 37 அடி. நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் நீ அனுப்பிய நாலு பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் ஐந்தடி வருகிறது. கடைசிப் பெட்டி ஸ்டேஷனை விட்டு நகரும்போது இன்ஜின் அடுத்த சுவருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்ததும் நான் கையிலிருந்ததை வைத்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தன் வாலைத் தானே துரத்தாத ரயிலை நம் வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வானம் அம்மா தீட்டியது. சட்டம் அடிப்பதற்கு முன்பே தீட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள், அது சரியாகவும் போயிற்று. தண்டவாளம் போட்ட பிறகு அதன் மேல் எக்கிக்கொண்டு யாரால் தீட்ட முடியும்? மூலைகளில் மெல்லிய தகட்டை வளைத்து வைத்தோம், அதனால் வானத்தில் கோடு தெரியவில்லை. அடிவானத்துப் பக்கம் நீலத்தை வெளுக்க வெளுக்கக் கொண்டுபோய் வெள்ளையில் முடித்திருக்கிறாள். அந்த இடத்தைப் பார்த்தால் அறைக்கு வெளியே இன்னும் நிலம் இருப்பது போலவே இருக்கிறது.

இனி பலகைக்கு வருகிறேன்.

சுவரோடு சேர்த்து அதை வைக்க முடியாது. நாலடி அகலத்தில் சுவர்ப் பக்கம் ஒரு பெட்டி கவிழ்ந்தால் எடுக்கக் கை எட்டாது. எனக்கு இரண்டரை அடிதான் எட்டுகிறது. ஆகவே சிறிய சுவரின் நடுவிலிருந்து அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி வைத்தேன், இரண்டு பக்கமும் இரண்டடி நடைபாதை, எதிர்முனையிலும் தாராளமாக இடம். அதற்கு எட்டடி அதிகம். மூன்றடியை அறுக்க வேண்டியிருந்தது. ரம்பத்தை எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் தொடவில்லை.

கடைசியில் அறுத்தேன். அறுக்கிற கோட்டில் நாம் ஒட்டிய பச்சை மரத்தூளைச் சுரண்டியபோது அடியில் பென்சில் கோடுகள். நாம் முதன்முதலில் பலகையின் மேலேயே போட்ட பிளான். ஸ்டேஷன், குகை, சைடிங் எல்லாம் என் கையெழுத்து. குறுக்கே இரண்டு வளைகோடு இழுத்து அதற்குள் "ஆறு" என்று நீ எழுதியிருந்தாய். ஆற்றை நாம் செய்யவே இல்லை. ஏன் தெரியுமா? தட்டையான ப்ளைவுட்டின் மேல் தண்டவாளத்தை நேரடியாகப் போட்டுவிட்டால் அதற்குக் கீழே நிலமே கிடையாது. மலையை மேலே ஏற்றலாம், பள்ளத்தை எங்கே தோண்டுவது? அன்றைக்கு நீல பெயிண்ட் அடித்துத் தரலாம் என்றேன், நீ வேண்டாம் என்றுவிட்டாய். ஆறு கீழே போகணும் என்றாய். நீ சொன்னதுதான் சரி. நிஜ ரயில்பாதையில் பாதி அழகு தண்டவாளத்துக்குக் கீழேதான் இருக்கிறது: பாலம், சரிவு, வாய்க்கால், மதகு. இந்த முறை சட்டத்தின் மேல் இரண்டு அங்குல ஃபோம் பலகை ஒட்டி, அதை வெட்டி ஆற்றைக் கீழே இறக்கிவிட்டேன். பென்சில் எழுத்து இருந்த துண்டு வீணாகவில்லை, ஆற்றுக்கு அடித்தளமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஜான் ஆலனைப் பற்றி உனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் மான்டரேயில் இருந்தவர். அவர் கட்டிய மாதிரி ரயில் மலைப்பாதையின் படங்களைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். அவர் முதலில் கட்டியது நம் பலகையைவிடச் சின்னது. பிற்பாடு ஒரு முழு அறையை நிறைக்கிற அளவுக்குக் கட்டியபோது, அந்த முதல் பலகையை அவர் எறியவில்லை. பெரியதற்குள் ஒரு பகுதியாக அதைச் சேர்த்துக்கொண்டார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார், சில நாளிலேயே தீ விபத்தில் அந்த லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. போனது போனதுதான். அந்தச் சின்னப் பலகை கடைசிவரை அதற்குள் இருந்தது என்பதை நான் மறப்பதே இல்லை. ரம்பத்தை எடுக்கத் துணிவு வந்ததே அதை நினைத்துத்தான்.

ஐந்தடிப் பலகையில் மிஞ்சியது நம் பழைய அரைவட்டம். அதையே கிளைப்பாதையின் முடிவில் ரயில் சுற்றித் திரும்புகிற லூப்பாக ஆக்கினேன். நீளப் பெட்டிகள் அங்கே போகாது. நம் சின்ன இன்ஜினும் குட்டைச் சரக்குப் பெட்டிகளும் மட்டும். அவற்றுக்கு 18 அங்குலம் தாராளம்.

இணைப்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பலகையும் பலகையும் மயிரிழை பிசகாமல் சேர்த்துவிட்டேன் என்று நிமிர்ந்தால், தண்டவாளம் சேரவில்லை. புதுப்பாதை கார்க் பட்டையின் மேல் போட்டது, ஐந்து மில்லிமீட்டர் உயரம் அதிகம். பழையதை நாம் மரத்தின் மேலேயே அடித்திருந்தோம். நான் பலகையின் மட்டத்தைப் பார்த்தேன், பார்க்க வேண்டியது தண்டவாளத்தின் மட்டத்தை. அட்டைத் துண்டுகளைப் படிப்படியாக அடுக்கி, 25 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த ஐந்து மில்லிமீட்டரையும் இறக்கினேன். ஐம்பதுக்கு ஒன்று சரிவு. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் சின்ன இன்ஜின் திரும்பி ஏறும்போது திணறும்.

அது முடிந்தால் இன்னொன்று. பழைய தண்டவாளம் கோட் 100, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நூறு பங்கு உயரம். புதியது கோட் 83. வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும் ஜாயினரில் பாதியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கி, நசுங்காத பாதியைப் பழைய தண்டவாளத்தில் செருகினேன். தட்டையான நாக்கின் மேல் புதிய தண்டவாளத்தை உட்கார வைத்துச் சால்டர் வைத்தேன். மேல்மட்டம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, உள்பக்க விளிம்பும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சக்கரத்தின் விளிம்பு அங்கேதான் உரசிக்கொண்டு போகிறது. சால்டர் ஆறியதும் சின்ன அரத்தால் தேய்த்து, விளக்கை அணைத்துவிட்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். இணைப்பு இருக்கும் இடம் விரலுக்குத் தட்டுப்படாமல் போகிற வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையோ, தடவிக்கொண்டே போன விரல் இணைப்பைத் தாண்டிப் போய்விட்டது எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் அரத்தைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகும் ஓடவில்லை. லூப்பைச் சேர்த்ததுமே கரண்ட் போய்விடும், இன்ஜின் நகரவே நகராது. இணைப்பில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நீ சின்ன வயதில் செய்வாயே, அதே மாதிரி இடப்பக்கத் தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து லூப்பைச் சுற்றிக்கொண்டு வந்தேன். விரல் வலப்பக்கத் தண்டவாளத்தில் வந்து முடிந்தது. சுற்றித் திரும்புகிற லூப் என்றால் இடமும் வலமும் தலைகீழாகச் சேரும், சேர்ந்தால் ஷார்ட். கோளாறு ஒன்றும் இல்லை, அந்த அமைப்பே அப்படித்தான். லூப்பின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விட்டு, அந்தத் துண்டுக்கு மட்டும் தானாக மின்முனையை மாற்றிக் கொடுக்கிற ஒரு கருவியை வைத்தேன். ஓடுகிற ரயில் முழுவதும் அந்தத் துண்டுக்குள் அடங்க வேண்டும். எட்டடித் துண்டு, நம் சரக்கு ரயில் நாலடிகூட இல்லை.

இப்போது எல்லாம் டிசிசி என்கிற டிஜிட்டல் முறை ஆகிவிட்டது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜினை எதிரெதிரே நகர்த்தலாம், ஆகவே மோதவும் விடலாம், ஜாக்கிரதை. ஜாயினரை நம்பாமல் மூன்றடிக்கு ஒரு ஒயர் கீழே இறக்கித் தடித்த ஒயரில் சேர்த்திருக்கிறேன். பாதை நெடுக ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் சப்ளை உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால் அங்கே ஒயர் போதவில்லை என்று அர்த்தம், உண்மையான ஷார்ட் வந்தால் பெட்டி உருகிவிடும். ஆற்றங்கரையில் ஓர் இடம் துண்டிக்கவில்லை, அங்கே இன்னொரு ஒயர் இறக்கினேன்.

ஜல்லி இன்னும் போடவில்லை. போட்டுப் பசை ஊற்றிவிட்டால் அப்புறம் தண்டவாளத்தை அசைக்க முடியாது, அதனால் ஒரு மாதம் தடம் புரளாமல் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த மாதம் நீ வருவதற்குள் முடிந்துவிடும். தூரிகையால் ஜல்லியைத் தள்ளி, சோப்புத் துளி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, பிறகு சரிபாதி தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுகிற பொறுமை உனக்குத்தான் உண்டு. ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் நாக்கு அசைகிற இடத்தில் மட்டும் பசை படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாதை உன் அறை வாசலைக் குறுக்கே கடக்கிறது. அங்கே கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு பாலம் வைத்திருக்கிறேன், இரண்டு போல்ட். பாலத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் மூன்றடிக்குக் கரண்ட் நின்றுவிடும், ரயில் வந்தாலும் விளிம்புக்கு முன்பே நின்றுவிடும், தரையில் விழாது. ஆனால் கதவு உள்பக்கம் திறப்பது. நீ பழக்கத்தில் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடாதே. ஒரு தட்டு தட்டு, பாலத்தைத் தூக்கிவிட்டுத் திறக்கிறேன்.

அன்புடன்,
அப்பா