பைனஸ் காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே முப்பது அடி

பிரதேச செயலாளர் அவர்களுக்கும், வன இலாகா அதிகாரிகளுக்கும், எங்கள் தோட்டத்துத் துரைக்கும்,

வணக்கம். இலங்கையின் ஊவா மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற எங்கள் லயத்துக்கும் (வரிசை வீடுகள்) மேலே இருக்கிற பைனஸ் (பைன் மர) காட்டுக்கும் நடுவில் முப்பது அடிப் புல் இருக்கிறது. தீ வராமல் அதை வெட்டச் சொல்லி மூன்று இடத்திலும் தனித்தனியாகக் கடிதம் கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டி அனுப்பியதுதான் மிச்சம். அதனால் இந்த முறை மூவருக்கும் சேர்த்து, ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, "மழ வர்ற மாதிரி சத்தம் கேக்குதே" என்றார். இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வந்து எட்டிப் பார்த்தால், லயத்துக்கு மேலே பைனஸ் காடு எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த சருகு பற்றும்போது சடசடவென்று மழைச் சத்தம்தான் வருகிறது. கீறிப் பால் எடுத்த மரங்கள் தீவட்டி மாதிரி எரிந்தன. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், கீழே இருக்கிற நாம் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம்தான் பைனஸ் காய்கள் நெருப்போடு உருண்டு வர ஆரம்பித்தன. காய் எங்கே நின்றதோ அங்கே மானாப்புல் பற்றியது.

நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர். ஒரு வாளி நிறைவதற்குள் மேலே இன்னும் பத்தடி போய்விடுகிறது. தேயிலைக்கு மருந்து அடிக்கிற டாங்கிகள் ஸ்டோரில் வரிசையாக இருந்தன. முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்ச அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, சாவி வைத்திருந்தவர் டவுனுக்குப் போயிருந்தார். ஈரச் சாக்கையும் பச்சைக் கொப்பையும் வைத்து அடித்தோம். பெண்கள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் புல்லை வெட்டித் தள்ளினார்கள். அனர்த்த அவசர எண் 117க்கு எடுத்துச் சொன்னோம். தீயணைப்பு வண்டியும் வந்தது, மெயின் ரோட்டு வரைக்கும். அதற்கு மேல் லயத்துக்கு வருவது ஒற்றையடிப் பாதை.

பக்கத்துக் காம்பரா (வீட்டு அறை) பாட்டி ஒரு சீலைத் துணியில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அடகுக் கடை ரசீது எல்லாவற்றையும் முடிந்துகொண்டு தேயிலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நகை கடையில் பத்திரமாக இருக்கிறது, ரசீது எரிந்தால்தான் போச்சு என்றார். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

இருட்டும் நேரத்தில் காற்று விழுந்தது. அதனால்தான் லயம் தப்பியது, எங்கள் சாமர்த்தியத்தால் மட்டும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே எல்லா வீடும். ஒரு காம்பரா பற்றினால் மற்றது நிற்காது.

ஊவாவில் இது வருடா வருடம் வருகிற பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஹட்டன் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி எங்கள் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற வாசனையும் இந்தக் காய்ந்த காற்றால்தான். நல்ல விலைக்குப் போகிற கொழுந்தை நாங்கள் எடுப்பதும், தலைக்கு மேலே தீ வருகிறதா என்று பார்ப்பதும் ஒரே மாதத்தில்.

தீ தானாகப் பிடிப்பதில்லை. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைக்கிறார்கள், இளம்புல் மேய வருகிற மானையும் முயலையும் பிடிக்க வைக்கிறார்கள். எங்கள் பையன்களும் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம். நீங்கள் அந்த முப்பது அடியைப் பாருங்கள். பைனஸ் வன இலாகாவுடையது, லயம் தோட்டத்துடையது, நடுவில் இருக்கிற மானாப்புல் யாருடையது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. யாருடையதாக இருந்தாலும் சரி, ஜூன் முடிவதற்குள் அதை வெட்டிச் சுரண்டி வெறும் மண்ணாக்க வேண்டும். ஆள் நாங்கள் தருகிறோம், அன்றைக்கு வேலை நாளாகப் பேர் போட்டால் போதும். வெட்ட அனுமதிக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் காட்டில் கை வைத்தோம் என்று எங்கள் மேலேயே வழக்கு வரும்.

பீலிக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். எரிந்த சரிவையும் அக்டோபர் மழைக்கு முன்னால் யாராவது வந்து பார்க்க வேண்டும். புல்வேர் செத்த மண் அது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். மழைச் சத்தம் கேட்டாலும் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

தொட்டிக்குப் பணம் ஒதுக்க நாளாகும், தெரியும். ஸ்டோர் சாவிக்கு இன்னொன்று வெட்ட நாளாகாது. அதை இந்த வாரமே லயத்தில் ஒருவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேல்கணக்கு லயத்திலிருந்து ஒருவர்