‘எலும்புக்கு உறுதி’ என விற்கப்படும் மீன் எண்ணெய் மாத்திரை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எலும்புப்புரைக்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தாயாருக்காகத் தங்கள் நிறுவனத்தின் மீன் எண்ணெய் மாத்திரைகளை வாங்கினேன். புட்டியின் முகப்பில் தொடையெலும்பின் படமும், ‘எலும்புக்கு உறுதி’, ‘1000 மி.கி.’ என்ற கொட்டை எழுத்துகளும் உள்ளன. மடிந்து ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தை நகத்தால் நிமிர்த்திப் படித்தபோதுதான், அந்த 1000 மி.கி. எண்ணெயின் எடை என்பதும், அதில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 என இருவகை ஒமேகா-3 கொழுப்பு மொத்தம் 300 மி.கி. மட்டுமே என்பதும் தெரிந்தது. எலும்பு தேயும் வயதினருக்கு இந்தப் பொடி எழுத்து எப்படித் தெரியும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். கால்சியமோ வைட்டமின் டியோ அதில் இல்லை. ஆனால் என் தாயார் முகப்பைப் பார்த்துவிட்டு, ‘இதுவே போதுமே, கால்சியம் மாத்திரை எதற்கு?’ என்று கேட்டார்.

இது பற்றி எழுதியதற்கு, மீன் எண்ணெயில் வைட்டமின் டி இயல்பாகவே நிறைந்திருப்பதாகத் தங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. அது காட் மீனின் ஈரல் எண்ணெய்க்குப் பொருந்தும். தாங்களே அச்சிட்டுள்ளபடி இந்த மாத்திரையில் இருப்பதோ நெத்திலி, மத்தி ஆகியவற்றின் உடல் எண்ணெய். இந்தப் பதிலை நம்பி ஈரல் எண்ணெயை அளவின்றி உட்கொள்பவருக்கு அதிலுள்ள ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பையே நலிவுறச் செய்யக்கூடும் என்பதாலும், பெரியவர்களுக்கு ரெட்டினாலின் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் என வகுக்கப்பட்டிருப்பதாலும், இரண்டு எண்ணெய்களையும் குழப்புவதைச் சிறு பிழையாகக் கொள்ள இயலவில்லை.

ஒமேகா-3 தானாகவே எலும்பைக் காக்கும் என்பது தங்கள் வாதமானால், ஐரோப்பாவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2157 பேரிடம் 3 ஆண்டுகள் நடத்தப்பட்டு 2020இல் முடிவு வெளியான டூ-ஹெல்த் ஆய்வைப் பார்க்கக் கோருகிறேன். தங்கள் மாத்திரைகள் மூன்றில் உள்ளதைவிடக் கூடுதலாக, நாளொன்றுக்கு 1 கிராம் ஒமேகா-3 கொடுத்தும், முதுகெலும்பு நீங்கலான எலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஒமேகா-3ஆல் அழற்சி தணிந்தால் எலும்புத் தேய்மானம் மட்டுப்படலாம் என்ற கருத்து ஆராயத்தக்கதே. எனினும் அதைக் கொண்டு ‘உறுதி’ என்று அச்சிட முடியாது.

ஆகவே, அந்த வாசகத்துக்கு ஆதாரமான ஆய்வை எனக்கு அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் வாசகத்தையும் படத்தையும் நீக்க வேண்டும். முகப்பில் ஒமேகா-3 அளவையே பெரிதாக அச்சிட வேண்டும். சேவைப் பிரிவின் தவறான பதிலை எழுத்து மூலம் திருத்தி, புட்டியின் விலையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்