தொட்டில் வாங்கியாச்சு, ராத்திரி யாரு முழிச்சிருக்கப் போறாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

பொறந்த குழந்தைய வீட்டுக்கு கொண்டு வர்றத பத்தி எங்க படிச்சாலும் என்னென்ன வாங்கணும்ங்கற லிஸ்ட்தான் கண்ணுல படுது. அத நம்பி நானும் ஒரு மாசம் முன்னாடியே தொட்டில், டயப்பர், துண்டு, குட்டி சட்டைன்னு அலமாரி நிறைய அடுக்கிட்டேன், குழந்தைக்கு கண்ணு கூசக்கூடாதுன்னு ரூமுக்கு மஞ்ச வெளிச்சத்துல ஒரு பல்பு கூட மாட்டினேன். வீட்டுக்கு வந்த ரெண்டாவது ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு முழிப்பு வந்து பாத்தா, என் மனைவி கட்டில் ஓரத்துல குழந்தைய மடில வெச்சுக்கிட்டு சத்தம் வராம அழுதுட்டு இருக்கா. அவள தவிர நாலு பெரியவங்க இருக்கற வீடு, யாரு எந்த நேரம் முழிச்சிருக்கறதுன்னு ஒருத்தரும் அதுவரைக்கும் பேசினதே இல்ல.

விடிஞ்சதும் என் மாமியார் குழந்தைய வாங்கி ஜன்னல்கிட்ட கொண்டு போனாங்க. நெத்தியில விரலால லேசா அழுத்திட்டு எடுத்தாங்க, அழுத்தின இடம் மஞ்சளா தெரிஞ்சது, கண்ணோட வெள்ளையும் மஞ்சள். என் பல்பு வெளிச்சத்துல ரெண்டு நாளா அது யாருக்குமே தெரியல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ரத்தம் எடுத்து பாத்துட்டு நீல லைட்டுக்கு அடியில ரெண்டு நாள் வெச்சாங்க, சரியாச்சு. நிறைமாசத்துல பொறந்த குழந்தைங்கள்லயே பாதிக்கு மேல இந்த மஞ்சள் காமாலை வருமாம், பெரும்பாலும் தானா போயிடும், ஆனா அளவு கூடினா மூளைய பாதிக்கும். பகல் வெளிச்சத்துல தினம் ஒரு தடவ குழந்தைய பாருங்கன்னு ஒரு வார்த்தை எங்க எல்லாருக்கும் சொல்லியிருந்தா போதும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில் கட்டற அவசரத்துல ஒரு நர்ஸ் கடகடன்னு எல்லாத்தையும் சொல்லிட்டு போனாங்க, அதுவும் தூக்கமே இல்லாத என் மனைவிகிட்ட மட்டும்.

திரும்பி வந்தப்புறம்தான் உக்காந்து பேசினோம். பொறந்த குழந்தை 24 மணி நேரத்துல 8லேருந்து 12 தடவ பால் குடிக்கும், ஒவ்வொரு தடவையும் குடிச்சு முடிச்சு, ஏப்பம் விட வெச்சு, துணி மாத்தி, தூங்க வெக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடும், மிச்ச நேரத்துல அந்த பொண்ணு தையல் வலியோட குளிக்கணும் சாப்பிடணும் தூங்கணும். பால் குடுக்கறது ஒண்ணு தவிர மத்தத யாரு வேணா செய்யலாமே! ராத்திரி பத்துலேருந்து ரெண்டு மாமியார், ரெண்டுலேருந்து ஆறு நான், சமையலும் துணியும் எங்க அப்பா அம்மா. மூணு மாசத்துல நாங்க செஞ்ச உருப்படியான ஏற்பாடு இதுதான்னு சொல்வேன்.

இன்னொண்ணு, ஒரு பழைய நோட்டு. கட்டில் பக்கத்துல பேனாவோட கட்டி தொங்க விட்டு, பால் குடிச்ச நேரம், ஒண்ணுக்கு போன தடவை எல்லாம் யாரு முழிச்சிருக்காங்களோ அவங்க எழுதினோம். அஞ்சாவது நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போனா பால் பத்துதுன்னு அர்த்தம். முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையறதும் வழக்கம்தான், ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப ஏறிடும். இது தெரியாமத்தான் எத்தனையோ வீட்ல பால் பத்தல பத்தலன்னு சொல்லியே அந்த அம்மாவ நோகடிக்கறாங்க, மனசு பதறுது.

பாக்க வர்றவங்கள பத்தியும் சொல்லணும். ஒருத்தர் இருமிக்கிட்டே குழந்தைய தூக்கி முத்தம் குடுத்துட்டாரு, தடுக்க யாருக்கும் வாய் வரல. அந்த தைரியம் வீட்ல ஒருத்தருக்காவது வேணும், அது அம்மாவா இருக்கக்கூடாது, அப்பாதான் சொல்லணும். சளி இருமல்னா இன்னொரு நாள் வாங்க, மத்தவங்க கை கழுவிட்டு வாங்க, அவ்வளவுதான்.

குழந்தை பொறந்தப்புறம் ஆறு வாரத்துக்குள்ள இன்னும் மூணு தடவையாவது தாயையும் சேயையும் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லியிருக்கு. அந்த தேதிய டிஸ்சார்ஜ் பேப்பர்லயே எழுதி, வீட்ல இருக்கறவங்கள ஒரு அரை மணி நேரம் உக்கார வெச்சு பேசச் சொல்லி ஆஸ்பத்திரிகள நீங்க வலியுறுத்தணும்.

உங்க பத்திரிகையிலயும் வெட்டி சுவத்துல ஒட்டற மாதிரி பெரிய எழுத்துல ஒரு கட்டம் போடுங்க சார். குழந்தைய மல்லாக்கத்தான் தூங்க வெக்கணும், பக்கத்துல தலகாணி பொம்மை கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா வீட்டு மருந்து குடுக்காம உடனே டாக்டர். பால் குடிக்காம துவண்டு போனாலும், மூச்சு வாங்கினாலும் அதேதான். அம்மாவோட அழுகையும் சோர்வும் ரெண்டு வாரத்துக்கு மேல போனா அவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும், இந்த வரிய மட்டும் எல்லாத்துக்கும் மேல போடுங்க.

இப்படிக்கு,
மூணு மாச குழந்தையோட அப்பா