காட்டேஜ் பிரீசரையும் திறந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சீசன் வந்தாலே எங்க கோத்தகிரி பக்கம் தங்க வர்றவங்கள்ல சிலபேரு மெதுவா கேக்குறாங்க, கடமான் கறி கிடைக்குமா, காட்டுப்பன்னி கிடைக்குமான்னு. கேக்க ஆள் இருக்குறதாலதான் தேயிலைத் தோட்டத்து ஓரத்துல சுருக்கு வைக்கிறாங்க, பழைய பைக் கிளட்ச் வயர வளைச்சு ஒரு முடிச்சு, அவ்ளோதான் செலவு, அதுல பன்னி மட்டுமா மாட்டுது, சிறுத்தையும் மாட்டி இடுப்பு அறுபட்டு சாவுது. அவுட்டுக்காய, அதாவது தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற நாட்டு வெடிய, கடிச்ச யானை வாய் கிழிஞ்சு தீனி எடுக்க முடியாம பட்டினியா கிடந்து சாவுது. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டையாடுனவர் மட்டுமில்ல, அந்தக் கறிய வாங்கி வச்சிருக்குறவரும் மாட்டுவாரு, இத யாரும் அவங்களுக்கு சொல்றதே இல்ல.

உடம்புக்கும் ஆபத்து. அந்த மிருகம் எப்ப செத்துச்சு, என்ன நோய்ல இருந்துச்சுன்னு எந்த டாக்டரும் பாக்கல. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் வந்து செத்த காட்டெருமைய அறுத்தா, அது நமக்கு தொத்திக்க கையில இருக்குற சின்ன காயம் போதும். 2023 ஜனவரியில முதுமலையில காட்டுப்பன்னிங்க செத்ததுக்கு காரணம் ஆப்பிரிக்க பன்னிக்காய்ச்சல்னு டெஸ்ட்ல வந்துச்சு, அது மனுசங்களுக்கு ஒட்டாது, ஆனா கறிக் கழிவு பட்டிக்கு போயிட்டா பன்னி வளக்குற குடும்பத்தோட பொழப்பே போயிரும்.

ஆட்டுக்கறிக்கும் வெட்டுறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர் பாத்து, வெட்டுனப்புறம் முத்திரை குத்தணும். கடையில தொங்குற தொடையில அந்த முத்திரைய தேடிப் பாருங்க, பல கடையில இருக்காது. ஐஸ் கரைஞ்சு ரத்தத்தண்ணி ஒழுகுற தெர்மாகோல் பெட்டிங்க மலை ஏறி வருது, கேட்டா குளிர் ஊருதானே கெடாதுங்குறாங்க, கறி 5 டிகிரிக்கு கீழ இருக்கணும்ங்க, இங்க பகல்ல 20 டிகிரி அடிக்குது.

செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில வாங்கி வச்சுக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம், அப்படியே கறிப்பெட்டியையும் திறக்கட்டும். வனத்துறையும் உணவு பாதுகாப்புத் துறையும் சேந்து போய் காட்டேஜ், ரிசார்ட் பிரீசர்கள பாக்கணும். துண்டு போட்டுட்டா எந்த மிருகத்து கறின்னு கண்ணால சொல்ல முடியாது, 2018ல எழும்பூர் ஸ்டேஷன்ல புடிச்ச கறிய நாய்க்கறின்னு ஊரே பேசுச்சு, லேப்ல பாத்தா ஆட்டுக்கறி, நடுவுல யாவாரம் படுத்தது நேர்மையா கடை வச்சிருந்தவங்களுக்குத்தான். அதனால சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க, ரிசல்ட்ட பேப்பர்ல போடுங்க, ஏப்ரல் கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே செய்ங்க.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி