அப்பாவுக்கு, மேயோவிலிருந்து

வெஸ்ட்போர்ட், அயர்லாந்து
ஜனவரி இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். போனில் பேசினால், "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். அம்மாவும் படிக்கட்டும், ஆனால் பதில் உங்கள் கையெழுத்தில் வர வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. இங்குள்ள கேரளத்துப் பெண்கள் குளிரைச் சொல்லிப் புலம்பும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. உறைபனியில் கொழுந்து கருகிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஒரு குளிரா? என்னைப் படுத்துவது இருட்டுதான். டிசம்பரில் காலை ஒன்பது மணி நெருங்கும்போதுதான் விடிகிறது. மாலை நாலரைக்குள் விளக்குப் போட வேண்டும். பகல் வேலை என்றால் சூரியனை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. மழை மேலிருந்து விழுவதில்லை, கடலிலிருந்து குறுக்கே வந்து அடிக்கிறது. குடை பிடிப்பவர் யாரும் இல்லை.

தேநீர் குடிப்பதில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கும் நாடு இது. கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: அசாம், கென்யா. நீலகிரியைக் காணோம். நீங்கள் நாற்பது வருஷம் கவ்வாத்து வெட்டிய செடியின் இலை எந்த ஊர்க் கோப்பையில் போய் விழுகிறதோ!

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் இங்குள்ள ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகிறேன். ஆராதனை முறை நம் சி.எஸ்.ஐ. முறைக்கு நெருங்கியது, அதனால் அந்நியமாகத் தெரியவில்லை. கூட்டம்தான் நம் வாலிபர் கூட்டத்தில் பாதிகூடத் தேறாது. அறுப்பின் பண்டிகை உண்டு, ஏலம் கிடையாது. ஒரு சௌசௌவுக்கு ஐந்நூறு ரூபாய் வரை ஏற்றிவிடும் நம் பெரியவர்களைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம். ஈஸ்டருக்குள் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதையும், தம்பி கீழே திருப்பூருக்கு அழைக்கிறான் என்பதையும், நீங்கள் இரவு ஜெபத்தில் உட்காருவதில்லை என்பதையும் அம்மா சொன்னாள். "இதுவரை நடத்தினார் என்றால், இனியும் நடத்துவேன் என்று எழுதியா கொடுத்திருக்கிறார்?" என்று கேட்டீர்களாம். போதகர் காதில் விழவில்லையே என்பதுதான் அம்மாவின் ஆறுதல். விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்பேன். ஆசாப் 77ஆம் சங்கீதத்தில் உங்களைவிடக் கடுமையாகவே கேட்கிறான். தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்கிறான். தூக்கம் பிடிக்காமல், பேச நா எழாமல் கிடந்து கேட்கிறான். பிறகு செங்கடலைத் திறந்த கதையை எடுத்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கிறான். அவனுடைய கஷ்டம் தீர்ந்ததா என்று அந்தச் சங்கீதம் கடைசிவரை சொல்லவில்லை. மோசே, ஆரோன் கையால் ஜனத்தை ஆட்டுமந்தையைப் போல நடத்தினீர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

நம் சபையில் சாட்சி சொல்பவர்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நல்லபடியாக முடிந்ததை மட்டும் எடுத்து வைப்பார்கள். வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது. என் விசாவையும் அம்மா எழுந்து நின்று சொன்னாள். விசா மறுக்கப்பட்ட பெண் ஒருத்தி எங்களுக்கு முன்னால் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஆமென் சொன்னேன்.

அப்பாயி அப்படிச் சொல்லமாட்டார். டிசம்பர் 31 இரவு, கோயிலுக்குக் கிளம்புமுன் நம்மை உட்காரவைத்து அவர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியது. ராமேஸ்வரத்தில் இறங்கியது. மண்டபம் முகாமில் தாத்தா சீட்டை வைத்துக்கொண்டு ஊர் ஒதுக்குவார்களா என்று காத்திருந்தது. அங்கே காய்ச்சலில் பாப்பா போனது, முகாமுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டு வந்தது. கோத்தகிரிப் பக்கம் வந்து, முதல்நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கம்பளி இல்லாமல் போனது. பசுந்தேயிலை விலை சரிந்து கடைக்காரர் கடன் நிறுத்தியது. 2009 நவம்பரில் மண் சரிந்தது. எதையும் கழித்துச் சொன்னதில்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "அங்கேயும் இருந்தார்" என்பார். பாப்பாவைச் சொல்லிவிட்டும் அதையேதான் சொல்வார், குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு. ஏன் காப்பாற்றவில்லை என்று தம்பி ஒருமுறை கேட்டான். "தெரியலடா" என்றார், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. கையெழுத்திடும்போது தோட்டத்து ஜனங்களை யாரும் கேட்கவில்லை. நம் வீட்டில் எழுத்தில் வந்தது அந்த ஒரு காகிதம்தான். அப்பாயி சொன்னதற்குக் காகிதம் இல்லை. ஆனாலும் நான் இந்த நாட்டு விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றபோது என்னோடு வந்தது அவர் சொன்னதுதான்.

இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் மரிஸ்க் என்ற இடம் வரும். குரோ பேட்ரிக் மலையின் அடிவாரம். உயரம் 764 மீட்டர்தான், கோத்தகிரியின் பாதி உயரம்கூட இல்லை. அதற்கே பெருமை தாங்கவில்லை இவர்களுக்கு. பரிசுத்த பேட்ரிக் அதன்மேல் நாற்பது நாள் உபவாசம் இருந்தார் என்பது ஐதீகம். ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. நான் சொல்ல வந்தது மலையை அல்ல. அதற்கு எதிரே, சாலைக்கு மறுபக்கம் வெண்கலத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. பாய்மரக் கயிறு இருக்க வேண்டிய இடமெல்லாம் எலும்புக்கூடுகள். 1845இல் உருளைக்கிழங்கில் விழுந்தது உங்களுக்குத் தெரிந்த அதே பின்கருகல் நோய்தான். முத்தோரை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்து மருந்து அடிக்கச் சொல்வார்களே, அது. அடுத்த சில வருஷங்களில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். கப்பலிலேயே செத்தவர்களும் உண்டு. 1997இல் அந்தக் கப்பலைச் செய்து மலைக்கு எதிரே வைத்திருக்கிறார்கள். ஜெபிக்க ஏறுகிறவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அப்பாயி பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

அன்று திரும்பி வந்து முதலாம் சாமுவேலை எடுத்துப் படித்தேன். எபெனேசர் என்று நம் ஊரில் வீட்டுக்கும் ஜீப்புக்கும் பெயர் வைக்கிறார்கள். சாமுவேல் கல்லை நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்றது ஏழாம் அதிகாரம். நாலாம் அதிகாரத்திலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. இஸ்ரவேலர் பாளயமிறங்கித் தோற்ற இடத்தின் பெயர் அது. முதலில் நாலாயிரம் பேர், பிறகு முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோயிற்று. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து வெற்றிக்கல் வைக்கும்போது, தோற்ற பெயரையே அதற்கு வைக்கிறான். கேட்ட ஜனத்துக்கு வயிறு கலங்கியிருக்கும். இதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை.

ஆகையால் அப்பா, வீடு கிடைத்தேவிடும் என்பதற்கு ஆதாரமாகப் பழையதை நினையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் அது தெரியாது. மண்டபத்தில் இருந்தவர் இப்போதும் அதே ஆள்தான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சில ராத்திரி அதுவும் நழுவுகிறது.

எங்கள் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் என்னவென்றே தெரியாது, வாயில் வைக்கப் போவார். மகள் சனிக்கிழமைதோறும் வந்து, தாயின் விரலைப் பிடித்து மணிமேல் நகர்த்திக்கொண்டே தான் மட்டும் சொல்கிறாள். தாயின் பங்கையும் அவளே சொல்கிறாள். நாம் ஜெபமாலைக்காரர்கள் இல்லை, ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் உட்காராத ராத்திரியில் அம்மா சொல்லட்டும். அம்மாவுக்கும் முடியாதபோது நான் சொல்கிறேன். எனக்கு அப்போது வேலை முடியாத நேரமாக இருந்தாலும், மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே சொல்லலாம்.

வீட்டு விஷயம். திருப்பூர் வெயில் உங்களுக்கு ஆகாது என்பது தம்பிக்கும் தெரியும், கூப்பிடுவது பிரியத்தில். கோத்தகிரியிலேயே வாடகைக்குப் பாருங்கள். ஏற்றம் இல்லாத இடமாக இருக்கட்டும், அம்மாவின் முழங்காலுக்காக. முன்பணத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன். கரடி வரும் பக்கம் வாடகை குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் செய்ய வேண்டும். யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கச் சொன்ன இடத்தில், பிள்ளைகள் கேட்கும்போது தகப்பன்மார் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அப்பாயி இல்லாமல் போன முதல் டிசம்பர் 31 இது. நம் வீட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். கப்பலில் வந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நீங்கள் மட்டும்தான். உங்களுக்கு அப்போது எட்டு வயது. எனவே கேட்கிறேன். கப்பலில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்? தாத்தா அழுதாரா? அப்பாயி கடைசிவரை பாப்பா என்றே சொன்னார், எனக்கு அத்தையாக இருந்திருக்க வேண்டியவள். அவள் பெயர் என்ன, அப்பா?

இப்படிக்கு,
உங்கள் மகள்